கிராஃபீனுக்கு கே-பாயிண்ட் கிரிட்: சிமெட்ரி ஆன்ல ஒரு எனர்ஜி, ஆஃப்ல இன்னொன்னு, எதை நம்புறது?

அடுக்குத்தாள் கேட்டது:

வணக்கம். டிஎஃப்டி (டென்சிட்டி ஃபங்ஷனல் தியரி, எலக்ட்ரான் எனர்ஜியைக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுற முறை) பக்கம் நான் புதுசு, ரொம்ப அடிப்படையான கேள்வியா இருந்தா கோச்சுக்காதீங்க.

கிராஃபீன் ஒத்தை லேயர், ரெண்டு கார்பன் அணு இருக்கிற பிரிமிட்டிவ் செல். கே-பாயிண்ட் (எலக்ட்ரான் அலைகளோட உந்த வெளியில கணக்குக்கு எடுக்கிற புள்ளி) எத்தனை போட்டா எனர்ஜி மாறாம அடங்குதுன்னு, அதாவது கன்வெர்ஜன்ஸ் பாக்கலாம்னு உக்காந்தேன். கையில கிடைச்ச பழைய இன்புட் ஒன்னுல மாங்க்ஹார்ஸ்ட்-பேக் (சம இடைவெளி கே-பாயிண்ட் கிரிட்) 6×6×1னு இருந்துச்சு, அதையே வச்சுக்கிட்டு 4, 6, 8, 9, 10, 12னு ஏத்திக்கிட்டே போனேன். எனர்ஜி ஒரு பக்கமா போய் அடங்கும்னு பாத்தா ஏறுது இறங்குது மறுபடி ஏறுது, 9ல வந்த போக்கு 10ல இல்ல, 12ல வேற மாதிரி. சந்தேகத்துக்கு சிமெட்ரியை ஆஃப் பண்ணிட்டு அதே 6×6×1 ஓட்டினேன், எனர்ஜியே மாறிடுச்சு. சிமெட்ரிங்கிறது வேலையைக் குறைக்கத்தானே, விடை எப்படி மாறும்? ஸ்ட்ரெஸ் பாத்தா எக்ஸ்எக்ஸ் ஒரு நம்பர், ஒய்ஒய் ஒரு நம்பர், அறுகோண லாட்டிஸ்ல ரெண்டும் ஒன்னா வரணும்ல?

இதுல இன்னொரு கூத்து. அதே செட்டிங்கை வேற ஒரு கோட்ல போட்டா, ரெசிப்ரோக்கல் லாட்டிஸும் (கே-பாயிண்ட் இருக்கிற வெளியோட லாட்டிஸ்) கே-கிரிட்டோட லாட்டிஸும் வேற வேற கிளாஸ்னு எர்ரர் அடிச்சுட்டு நின்னுடுது. முதல் கோட் சத்தமே இல்லாம ஓடி முடிச்சுது. எது நல்ல கோட்னு கூட புரியல.

கடைசியா ஒன்னு. காமா-சென்டர்டு (காமாங்கிற 0, 0, 0 மேல ஒரு பாயிண்ட் விழற கிரிட்) 6×6×1 போட்டும் பாத்தேன், எனக்கு இர்ரெட்யூசிபிள் கே-பாயிண்ட் (சிமெட்ரியால சுருக்கின பிறகு மிஞ்சுறது) 13னு காட்டுது, கூட வேலை பாக்கிற நண்பருக்கு அதே கிராஃபீன், அதே 6×6×1, அவருக்கு 7தான் வருது. என் செல் இதுதான் (ஆங்ஸ்ட்ராம்ல):

2.46 0.00 0.00
-1.23 2.13 0.00
0.00 0.00 15.00

அடுத்து இதுல ஒரு கார்பனை எடுத்துட்டு வேகன்சி பண்ணணும், இந்தக் குழப்பத்தோட மேல போக பயமா இருக்கு. யாராச்சும் பொறுமையா சொல்லுங்களேன்.


எண்கட்டம் பதில்:

எது நல்ல கோட்னு கேட்டீங்கல்ல, எர்ரர் அடிச்சு நின்னதுதான் உங்களுக்கு நல்லது பண்ணிருக்கு. அது சொன்னது உண்மை.

நீங்க கேட்ட சிமெட்ரி கேள்வி ரொம்ப சரியான கேள்வி, அதைப் பிடிச்சுக்கிட்டே போனா பாதி விஷயம் தெளிஞ்சிடும். சிமெட்ரி வச்சு கே-பாயிண்டைக் குறைக்கிறது வெறும் கணக்குச் சுருக்கம், சுழற்றினா ஒன்னு மேல ஒன்னு விழற பாயிண்ட்ல எனர்ஜி ஒன்னாதான் இருக்கும், அதனால ஒன்னை மட்டும் போட்டுட்டு எத்தனை பேரோ அத்தனை வெயிட் குடுத்துடலாம். அப்படின்னா ஆன் பண்ணாலும் ஆஃப் பண்ணாலும் விடை கடைசி டெசிமல் சத்தம் தவிர ஒன்னாதான் வரணும். வரலைன்னா, கிரிஸ்டலுக்கு இருக்கிற சிமெட்ரி கிரிட்டுக்கு இல்லைன்னு அர்த்தம். ஆஃப்ல ஓட்டும்போது கோணலான கிரிட்டை அப்படியே கூட்டுது, ஆன்ல ஓட்டும்போது சார்ஜ் டென்சிட்டியை சிமெட்ரைஸ் பண்ணி அந்தக் கோணலை மறைக்குது, ரெண்டும் வேற வேற தப்பு. புதுசா எந்த மெட்டீரியல் எடுத்தாலும் நான் முதல்ல பண்றது இந்த ஆன்/ஆஃப் சோதனைதான், சின்ன கிரிட்ல கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும்.

அறுகோணத்துல ஏன் கோணலாகுதுன்னு கையாலயே போட்டுப் பாக்கலாம். ரெசிப்ரோக்கல் வெக்டர் ரெண்டுக்கும் நடுவுல 60 டிகிரி. 60 டிகிரி சுழற்றினா முதல் வெக்டர் ரெண்டாவது மேல போய் விழும், ரெண்டாவது போய் ‘ரெண்டாவது கழித்தல் முதல்’ ஆகும். அப்ப கிரிட் இடைவெளியை ஒரு படின்னு வச்சு எண்ணினா எக்ஸ், ஒய்னு இருக்கிற பாயிண்ட் மைனஸ் ஒய், எக்ஸ் கூட்டல் ஒய்னு மாறும். காமா-சென்டர்டு கிரிட்ல எல்லாமே முழு எண், முழு எண்ணைக் கூட்டினாலும் கழிச்சாலும் முழு எண்தான், சுழற்றினா கிரிட் தன் மேலயே விழுது. அரைப்படி ஷிஃப்ட் பண்ண கிரிட்ல 1/2, 1/2னு ஒரு பாயிண்ட் எடுங்க, சுழற்றினா அது −1/2, 1 ஆயிடுது. ரெண்டாவது எண் முழுசாயிடுச்சு, அந்த கிரிட்ல அப்படி ஒரு பாயிண்டே கிடையாது. முடிஞ்சுது கதை. எவ்வளவு அடர்த்தியா போட்டாலும் இந்தக் கோணல் போகாது, சின்னதா ஆகுமே தவிர.

நீங்க ஷிஃப்ட்டே குடுக்கலையேன்னு நினைப்பீங்க. மாங்க்ஹார்ஸ்ட்டும் பேக்கும் 1976ல குடுத்த ஃபார்முலாவைப் பாருங்க, ஒரு திசையில கியூ பாயிண்ட்னா ஆர் 1லேர்ந்து கியூ வரைக்கும் ஓடும், ஒவ்வொன்னும் (2ஆர் − கியூ − 1) வகுத்தல் 2கியூ. கியூ 3னா −1/3, 0, 1/3, நடுவுல காமா இருக்கு. கியூ 4னா −3/8, −1/8, 1/8, 3/8, காமா இல்ல, தானாவே அரைப்படி தள்ளி நிக்குது. இந்த ஃபார்முலாவை அப்படியே எடுத்துக்கிற கோட்ல நீங்க 4, 6, 8, 9, 10, 12 ஓட்டினீங்கன்னா 9 மட்டும் காமா-சென்டர்டு, மத்தது எல்லாம் ஷிஃப்ட் பண்ணது. ரெண்டு வேற ஜாதி கிரிட்டை ஒரே கிராஃப்ல போட்டா ஏறி இறங்காம என்ன பண்ணும். சில கோட்ல ஷிஃப்டை 0 இல்ல 1னு தனியா நாமளே குடுக்கணும், அங்க 0 0 0 குடுத்தா ஒற்றைப்படையோ இரட்டைப்படையோ காமா இருக்கும். வேற ஒருத்தர் இன்புட்டை எடுக்கும்போது ‘மாங்க்ஹார்ஸ்ட்-பேக் 6×6×1’ங்கிறதை அப்படியே நம்பாதீங்க, அவர் கோட்ல அதுக்கு என்ன அர்த்தம்னு பாருங்க.

இதுபோக கிராஃபீனுக்கே உள்ள ஒரு தொல்லை. டிராக் பாயிண்ட் (நிரம்பின பேண்டும் காலி பேண்டும் தொடற இடம்) இருக்கிறது பிரில்வான் ஸோன்ங்கிற ரெசிப்ரோக்கல் அறுகோணத்தோட மூலையில, ஃபெர்மி லெவல் (எலக்ட்ரான் நிரம்பி நிக்கிற மட்டம்) சரியா அங்கதான் உக்காந்திருக்கு. அந்த மூலையோட கோஆர்டினேட்ல மூணில் ஒரு பங்கு வரும், அதனால காமா-சென்டர்டு கிரிட் மூணோட மடங்கா இருந்தாதான் மூலை மேல பாயிண்ட் விழும். 6, 9, 12, 15 விழும், 8, 10, 14 விழாது. விழாத கிரிட்ல டிஓஎஸ் (எந்த எனர்ஜியில எத்தனை ஸ்டேட்ங்கிற கணக்கு) எடுத்தா இல்லாத பேண்ட் கேப் ஒன்னு தெரியும், அதைப் பாத்து கிராஃபீன் செமிகண்டக்டர்னு முடிவு பண்ணவங்களையும் பாத்தாச்சு. கன்வெர்ஜன்ஸ் பாக்கும்போது மூணோட மடங்கு ஒரு வரிசை, மத்தது ஒரு வரிசைன்னு பிரிச்சு போடுங்க, ரெண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேரணும். சேர்ற இடம்தான் விடை.

அந்த 13, 7 சமாச்சாரம் கிரிட் தப்பு இல்ல, 7தான் சரி. உங்க செல்லை இன்னும் சரியா பாக்கல, வேற யாராச்சும் பாத்து சொல்லுங்க.


மூலைமுடுக்கு பதில்:

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா படிக்கிறவங்க ‘ஷிஃப்ட்னாலே தப்பு, எப்பவும் காமா’ன்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடுவாங்களோன்னு எழுதுறேன். எங்க பாத்தாலும் இந்த அறிவுரைதான் சுத்துது.

சிம்பிள் கியூபிக் எடுத்துக்குங்க. 4×4×4, மொத்தம் 64 பாயிண்ட். காமா-சென்டர்டுன்னா சுருங்கி 10 வரும். அரைப்படி ஷிஃப்ட் பண்ணா 4தான் வரும், வெயிட் 8, 24, 24, 8. 64 பாயிண்டோட தரம், வேலை பாதிக்கும் கம்மி. ஏன்னா காமா மாதிரி உயர் சிமெட்ரி பாயிண்ட் தனக்குத்தானே சுழன்டுக்கும், கூட யாரையும் இழுத்துட்டு வராது, அதைக் கணக்குப் போடுறது ஒரு பாயிண்டோட கூலியை முழுசா குடுத்து கொஞ்சூண்டு தகவல் வாங்குற மாதிரி. 2×2×2 ஷிஃப்ட் பண்ணா இன்னும் வேடிக்கை, எட்டும் சுருங்கி ஒரே பாயிண்ட் ஆயிடும், 1/4, 1/4, 1/4. பால்டெரெஸ்கி 1973ல சிம்பிள் கியூபிக்குக்குச் சொன்ன மீன்-வேல்யூ பாயிண்ட் அதேதான். அதே வருஷம் சாடியும் கோஹனும் ஸ்பெஷல் பாயிண்ட்னு எழுதினதும் இந்த எண்ணத்துலதான். அந்தக் காலத்து கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு பாயிண்டும் உயிர்.

ஆனா எஃப்சிசி (ஃபேஸ்-சென்டர்டு கியூபிக்) பிரிமிட்டிவ் செல்லுக்கு வாங்க, கதை திரும்புது. காமா 4×4×4 போட்டா 8 வரும், வெயிட் கூட சொல்றேன், 1, 4, 3, 8, 6, 24, 12, 6, கூட்டிப் பாருங்க 64. மூணு திசையிலும் அரைப்படி ஷிஃப்ட் பண்ணா 10. சிலிக்கான்ல ஓட்டினவங்க இந்த 10ஐப் பாத்திருப்பாங்க. குறையும்னு நினைச்சா கூடுது, காரணம் அதேதான், எஃப்சிசியோட பிரிமிட்டிவ் ரெசிப்ரோக்கல் வெக்டர்ல அரை அரை அரை ஷிஃப்ட் கியூபிக் சிமெட்ரியைக் காப்பாத்தாது. நாலு எல் பாயிண்ட்ல (பிரில்வான் ஸோனோட அறுகோண முகங்களோட நடு) ஒன்னை மட்டும் தனியா பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் சாயுது. சிலிக்கான் மாதிரி கேப் இருக்கிற ஆளுக்கு அது பெருசா உறைக்காது, அதனாலதான் இத்தனை வருஷமா யாரும் கண்டுக்காம ஓடுது. உலோகத்துல உறைக்கும்.

அதனால என் கணக்கு: அறுகோணமா, காமா, பேச்சே இல்ல. எஃப்சிசி பிரிமிட்டிவ்வா, காமா. சிம்பிள் கியூபிக், டெட்ராகோனல், ஆர்த்தோராம்பிக் பிரிமிட்டிவ் செல்லா, ஷிஃப்ட் பண்ணிப் பாருங்க, பெரும்பாலும் லாபம். சந்தேகமா இருந்தா ரெண்டையும் போட்டு இர்ரெட்யூசிபிள் எண்ணிக்கையைப் பாருங்க, எஸ்சிஎஃப் (சார்ஜ் டென்சிட்டி மாறாம நிக்கிற வரைக்கும் ஓடுற சுற்று) தொடங்குறதுக்கு முன்னாடியே அவுட்புட்ல அச்சாயிடும். ஒரே மொத்த எண்ணிக்கைக்கு எது கம்மி பாயிண்டா சுருங்குதோ, ஆன்/ஆஃப்ல எது மாறாம நிக்குதோ, அது.


பழைய_டெர்மினல் பதில்:

தம்பி உங்க செல்லைப் பாத்தேன். ரெண்டாவது வரியில 2.13னு எழுதியிருக்கீங்க. 2.46ஐ ரூட் மூணால பெருக்கி ரெண்டால வகுத்தா 2.13042 சொச்சம். நீங்க எழுதின ரெண்டாவது வெக்டரோட நீளத்தைப் போட்டுப் பாருங்க, 2.4596 வரும், முதலாவது 2.46. உங்க கண்ணுக்கு ஒன்னுதான், கோட்டுக்கு வேற. சிமெட்ரி தேடுற டாலரன்ஸ் பல இடத்துல 0.00001, சிமெட்ரி கண்டுபிடிக்கிற ஸ்பிஜிலிப் மாதிரி லைப்ரரியிலும் டீஃபால்ட் அவ்வளவுதான். அதனால அது உங்க கிராஃபீனை அறுகோணமாவே பாக்கல, லேசா நசுங்கின ஆர்த்தோராம்பிக்கா பாக்குது. அவுட்புட்ல எத்தனை சிமெட்ரி ஆபரேஷன் கிடைச்சுதுன்னு ஒரு வரி இருக்கும், கிராஃபீனுக்கு 24 இருக்கணும், உங்களுக்கு 8னு இருக்கும், போய்ப் பாருங்க. 24 இருந்தா காமா 6×6 கிரிட்டோட 36 பாயிண்டும் 7 ஆகும், 8 இருந்தா 13. நண்பருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். 12×12க்குப் போனா 19 வர வேண்டிய இடத்துல 43 வரும், ரெண்டு மடங்குக்கு மேல நேரத்தை சும்மா எரிப்பீங்க. ஸ்ட்ரெஸ்ல எக்ஸ்எக்ஸும் ஒய்ஒய்யும் ஒட்டாம நின்னதுல கோணல் கிரிட்டுக்குப் பெரிய பங்கு, அதைத் தட்டிக் கேக்க வேண்டிய அறுகோண சிமெட்ரியே உங்க கோட் கண்ணுல படலைங்கிறது மிச்சம்.

அணு இடத்தையும் பாத்துடுங்க, 1/3, 2/3னு வர்றதை 0.333, 0.667னு எழுதினா அங்கயும் இதே கதை. பத்து டெசிமலாச்சும் எழுதுங்க, இல்ல கோட்ல லாட்டிஸ் வகையை நம்பரா குடுக்கிற வசதி இருந்தா அறுகோணம்னு சொல்லிட்டு ஏ-யும் சி-யும் மட்டும் குடுங்க, மீதியை அதுவே சரியா கட்டிக்கும். டாலரன்ஸை தளர்த்தி 0.01 ஆக்கி சமாளிக்கிற வழக்கமும் இருக்கு, நான் அதை சிபாரிசு பண்ண மாட்டேன், உண்மையிலேயே லேசா விலகின ஸ்ட்ரக்சர் ஒன்னு வரும்போது அதையும் சேத்து நிமித்திடும்.

இன்னொன்னும் சொல்லிடுறேன், எல்லாரும் இசட் திசையில 1 போடுறதைக் கேள்வி கேக்காம பண்றோம். 15 ஆங்ஸ்ட்ராம் வேக்குவம்ல எலக்ட்ரான் அந்தப் பக்கம் தாவாது, பேண்ட் தட்டையா கிடக்கும், அதனால ஒரு பாயிண்ட் போதும், அதுவும் 0ல இருக்கட்டும்.


அடுக்குத்தாள்:

மூணு பேருக்கும் பெரிய நன்றி அண்ணா. 2.1304224933னு மாத்தினேன், 24 வந்துடுச்சு, 6×6ல 7 வருது. காமா-சென்டர்டு மட்டும் வச்சுக்கிட்டு ஆன்/ஆஃப் பாத்தேன், எனர்ஜி ஒட்டிக்கிச்சு, எக்ஸ்எக்ஸும் ஒய்ஒய்யும் ஒன்னாயிடுச்சு. 6, 9, 12, 15, 18 ஒரு கோடு, 8, 10, 14, 16 ஒரு கோடுன்னு போட்டா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அழகா நெருங்கி வருது.

இப்ப அடுத்த கட்டம். 6×6 சூப்பர்செல், 72 அணு, ஒன்னை எடுத்தா 71. இதுக்கு கே-பாயிண்ட் எவ்வளவு போடணும், பெரிய செல்னா காமா மட்டும் போதும்னு ஒருத்தர் சொன்னார். ஸ்மியரிங் என்ன வைக்கிறது? வேகன்சில சிமெட்ரி உடையும்னு படிச்சேன், அப்ப சிமெட்ரியை ஆஃப் பண்ணிட்டு ரிலாக்ஸ் பண்ணா போதும்தானே?


எண்கட்டம் பதில்:

கே-பாயிண்ட் கேள்விக்கு மட்டும் நான்.

செல் பெருசானா ரெசிப்ரோக்கல் செல் அதே மடங்கு சின்னதாகும். 6×6 சூப்பர்செல்ல காமா ஒன்னு மட்டும்னா அது பிரிமிட்டிவ் செல்ல 6×6 காமா கிரிட்டுக்கு அச்சு அசலா சமம், கூடவும் இல்ல குறைவும் இல்ல. அந்த 6×6 உங்களுக்குப் பத்தலைன்னு உங்க கிராஃபே சொல்லுதுல்ல, அப்புறம் இங்க மட்டும் எப்படிப் பத்தும். 2×2 போட்டா 12×12க்குச் சமம், அங்கேர்ந்து தொடங்குங்க. ‘பெரிய செல்’ங்கிறதுக்கு அணு எண்ணிக்கையைப் பாக்காம நீளத்தைப் பாருங்க. காமா மட்டும்னா அலைச்சார்பை ரியலா வச்சுக்கலாம், வேகமும் மெமரியும் மிச்சம், அந்த ஆசையிலதான் நிறைய பேர் அங்க போய் நிக்கிறாங்க.

ஆனா 6×6 சூப்பர்செல்லே எனக்குப் பிடிக்கல. மூணோட மடங்குல சூப்பர்செல் எடுத்தா பிரில்வான் ஸோன் மடியும்போது ரெண்டு மூலையும் காமா மேல வந்து விழும். எதிர் எதிர் மூலையில இருந்த ரெண்டு டிராக் பாயிண்டும் இப்ப ஒரே இடத்துல. வேகன்சி மாதிரி ஒரு கூர்மையான தொந்தரவை அதே லாட்டிஸ்ல திரும்பத் திரும்ப வச்சா அந்த ரெண்டும் ஒன்னோட ஒன்னு கலந்து கேப் திறக்கும், அது வேகன்சியோட குணமா உங்க செல்லோட குணமான்னு பிரிக்க முடியாது. 5×5 இல்ல 7×7 எடுத்தா மூலைகள் மூலையிலயே தனித்தனியா இருக்கும். 5×5ல 50 அணு, ஒன்னு போக 49, அதுல 3×3 காமா கிரிட் போட்டா பிரிமிட்டிவ் 15×15க்குச் சமம், மூலையும் பிடிபடும். 7×7ல 97 அணு, கையில கம்ப்யூட்டர் நேரம் இருந்தா அதுவே மேல்.

ஃபார்மேஷன் எனர்ஜி எடுக்கும்போது முழு கிராஃபீனையும் அதே சூப்பர்செல், அதே கிரிட்ல தனியா ஓட்டி அதைக் கழிங்க. பிரிமிட்டிவ் செல் எனர்ஜியைப் பெருக்கி வச்சுக்கிட்டா கிரிட் சமமா இருக்கிற வரைக்கும் சரிதான், ஒரு இடத்துல பிசகினா மிச்சப்பிழை அணு எண்ணிக்கையால பெருகி வேகன்சி தலையில வந்து விழும்.


மூலைமுடுக்கு பதில்:

ஸ்மியரிங். இன்சுலேட்டர்ல நிரம்பின பேண்டும் காலி பேண்டும் தொடவே தொடாது, கூட்டுற ஃபங்ஷன் வழவழன்னு பீரியாடிக்கா இருக்கும், அப்ப சமமான கிரிட்ல பிழை எக்ஸ்பொனென்ஷியலா விழும், கொஞ்சம் பாயிண்டே போதும். உலோகத்துல ஃபெர்மி லெவல்ல ஆக்குபேஷன் பட்டுனு 1லேர்ந்து 0க்கு விழுது, அந்த வெட்டுதான் கிரிட்டை சாப்பிடுறது. ஸ்மியரிங் அந்த வெட்டை மழுக்குது, அவ்வளவுதான் அதோட வேலை. மழுக்கினா கம்மி பாயிண்ட்ல அடங்கும், ஆனா அடங்குற இடம் லேசா தப்பா இருக்கும், அதனால கிரிட்டையும் ஸ்மியரிங் அகலத்தையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணா அர்த்தமே இல்ல, சேத்து பண்ணணும். அகலமா வச்சுட்டு ‘பாரு 6×6லயே கன்வெர்ஜ் ஆயிடுச்சு’ன்னு சந்தோஷப்படுறது தன்னைத்தானே ஏமாத்துறது.

சாதாரண உலோகத்துக்கு மெத்ஃபெசல்-பாக்ஸ்டன், 1989லேர்ந்து இருக்கு, இல்ல மர்ஸாரி-வாண்டர்பில்ட்டோட கோல்டு ஸ்மியரிங், 1999. கேப் இருக்கா இல்லையான்னு தெரியாத சிஸ்டத்துல மெத்ஃபெசல்-பாக்ஸ்டன் வேணாம், ஆக்குபேஷன் மைனஸ்ல கூட போகும். உங்களுக்கு காஸியன், சின்ன அகலம், 0.05 எலக்ட்ரான் வோல்ட்ல தொடங்கிக் குறைச்சுப் பாருங்க. ஃபிக்ஸ்டு ஆக்குபேஷன் மட்டும் வைக்காதீங்க, மூலையில ரெண்டு ஸ்டேட் ஒரே எனர்ஜியில இருக்கும், அதுல ஒன்னை மட்டும் நிரப்பிட்டு சார்ஜ் டென்சிட்டி கோணலாயிடும், கிரிட்டை நேராக்கின உழைப்பு எல்லாம் போச்சு.

டிஓஎஸ் படம் போடும்போது டெட்ராஹெட்ரன் முறை (கிரிட்டை நான்முகித் துண்டுகளாப் பிரிச்சுக் கூட்டுறது), புளோக்ல் 1994ல திருத்தினது, அதுக்கும் காமா-சென்டர்டு அடர்த்தியான கிரிட்தான். ரிலாக்ஸ் பண்ண அதை வைக்காதீங்க, ஃபெர்மி லெவல்ல டிஓஎஸ் இருக்கிற ஆளுக்கு ஃபோர்ஸ் துல்லியமா வராது.

கிரிட்டை நம்பரா சொல்லாம ஸ்பேஸிங்கா சொல்ற வழக்கம் இப்ப வந்திருக்கு, நல்லதுதான், ஆனா ஒரு கோட் 2π-ஐச் சேத்துச் சொல்லும், இன்னொன்னு சேக்காது, அப்படியே தூக்கிப் போட்டா ஆறு மடங்கு வித்தியாசம். அதுவும் போக ஸ்பேஸிங்குக்குத் தெரியாது உங்களுக்கு மூணோட மடங்கு வேணும்னு, அது பாட்டுக்கு 14னு குடுக்கும்.


பழைய_டெர்மினல் பதில்:

ஆஃப் பண்ணா போதுமான்னு கேட்டீங்க, போதாது. இதுல விழாத ஆள் கம்மி அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஒரு கார்பனை எடுத்தா சுத்தி மூணு கார்பன் தொங்கு பாண்டோட நிக்கும், மூணும் ஒரே மாதிரி, மூணு மடிப்பு சிமெட்ரி அப்படியே இருக்கும். நிஜத்துல அது அப்படி நிக்காது, யான்-டெல்லர் விளைவுல ரெண்டு கார்பன் கிட்ட வந்து பலவீனமா கை கோத்துக்கும், ஒரு பக்கம் ஐந்து பேர் வளையம், இன்னொரு பக்கம் ஒன்பது பேர் வளையம், மூணாவது ஆள் மட்டும் தனியா தொங்குவார். எனர்ஜி அங்கதான் கம்மி. ஆனா நீங்க சிமெட்ரிக்கா தொடங்கினா மூணு அணு மேலயும் ஃபோர்ஸ் சமமா இருக்கும், மூணும் சேர்ந்து உள்ளயோ வெளியவோ நகரும், ஜோடி சேர்ற திசையில ஃபோர்ஸ் சிமெட்ரியாலயே சைபர். சிமெட்ரி ஆன்ல இருந்தா மிச்சம் மீதி சத்தத்தையும் கோட் துடைச்சு எடுத்துடும், ஆஃப்ல இருந்தா டெசிமல் கடைசியில இருக்கிற சத்தம் என்னைக்காச்சும் தள்ளி விடலாம், விடாமலும் போகலாம், அதுக்குள்ள ஃபோர்ஸ் கட்ஆஃப் வந்து ‘முடிஞ்சுது’ன்னு சொல்லிடும். அவுட்புட்ல பாத்தா அழகா கன்வெர்ஜ் ஆன மாதிரிதான் இருக்கும், உண்மையில நீங்க நிக்கிறது பள்ளத்துல இல்ல, மேட்டுல.

அதனால நீங்களே உடைங்க. மூணு கார்பன்ல ரெண்டை ஒன்னை நோக்கி ஒன்னு 0.05 ஆங்ஸ்ட்ராம் நகர்த்துங்க, இல்ல எல்லா அணுவையும் கண்டபடி 0.02, 0.03 அசைச்சு விடுங்க. தனியா தொங்குற கார்பன் தாளை விட்டு லேசா மேல எழும்பவும் பாக்கும், அதனால இசட்லயும் கொஞ்சம் அசைங்க, தட்டையா தொடங்கினா தட்டையாவே கிடக்கும். அசைச்ச பிறகு சிமெட்ரி ஆன்ல இருந்தாலும் பரவால்ல, கோட் தேடிப் பாத்து எதுவும் இல்லைன்னு தானே விட்டுடும். அந்த டாலரன்ஸை தளர்த்தாதீங்கன்னு மேல சொன்னது இங்கதான் வேலை செய்யும். பேரியம் டைட்டனேட் கியூபிக்ல டைட்டானியத்தை நடுவுல வச்சு ரிலாக்ஸ் பண்ணிட்டு ‘ஃபெர்ரோஎலக்ட்ரிக் வரலையே’ன்னு கேக்கிறவங்களுக்கும் பதில் இதேதான்.

கிரிட் பக்கம் இதுக்கு ஒரு விளைவு இருக்கு. சிமெட்ரி போனதும் இர்ரெட்யூசிபிள் எண்ணிக்கை ஏறும், 3×3 காமா கிரிட்ல 9 பாயிண்ட் இருந்தா ஒன்னு காமா, மீதி எட்டும் கே, மைனஸ் கே ஜோடியா நாலு, மொத்தம் 5 ஆகும். டைம் ரிவர்சல் இருக்கிற வரைக்கும் அந்த ஜோடி கணக்கு நிக்கும், ஸ்பின்-ஆர்பிட்டும் மேக்னெட்டிசமும் சேர்ந்து வந்தா அதுவும் போயிடும், உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். வேகன்சி வச்ச செல்லும் முழு செல்லும் வேற வேற எண்ணிக்கை காட்டுதேன்னு பதறாதீங்க, மொத்த கிரிட் ஒன்னுதான்.

ஸ்பின்னை ஆன் பண்ணுங்க, இந்த வேகன்சிக்கு மேக்னெட்டிக் மொமென்ட் உண்டு. அதுலயும் இதே பொறிதான், ஆரம்ப மொமென்ட் எல்லாத்துக்கும் சைபர்னு குடுத்தா அப்-பும் டவுனும் சமமா தொடங்கி சமமாவே முடியும், ஸ்பின் ஆன் பண்ணதுக்கு ரெண்டு மடங்கு நேரம் மட்டும் ஆகும். அந்த மூணு கார்பனுக்கும் 1னு குடுத்துத் தொடங்குங்க. முடிஞ்சதும் எனர்ஜியைப் பாக்குறதுக்கு முன்னாடி அந்த மூணு கார்பனுக்கு நடுவுல இருக்கிற மூணு தூரத்தையும் அளந்து இங்க போடுங்க, மூணும் சமமா இருந்தா திரும்ப ஓட்டணும்.